சனிக்கிழமை வயலின்

சீனிவாசராகவன் பென்சிலின் அடிப்பக்கத்தைப் பாஞ்சாலியின் முழங்கைக்குக் கீழே கொடுத்து மெல்ல உயர்த்தினார். கை சரியான உயரத்துக்கு வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டார். கை அங்கேயே நின்றது. "பேஷ்" என்றார். இரண்டாம் வகுப்புப் பாஞ்சாலி சிரிக்கவில்லை. சிரித்தால் வில் ஆடிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

கதவோரம் நின்றிருந்த காந்தா டீச்சருக்குத்தான் சிரிப்பு வந்தது. ஜமக்காளத்தில் ஆறு குழந்தைகள், வலது காலை நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள். இதற்காக அவள் யார் யார் வாசலிலெல்லாம் நின்றிருக்கிறாள்! ஜோகுபாளையத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு வயலினா என்று பள்ளிக் கமிட்டியில் ஒருவர் வாய்விட்டே சிரித்தார். கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர்கள் ஒரு பள்ளியை மூடிவிட்டுப் போனபோது, குழந்தைகள் வாசிக்கும் இந்தச் சின்ன வயலின்களைக் கேட்டு வாங்கி ஜட்கா வண்டியில் தானே ஏற்றிக்கொண்டு வந்தவள் அவள். வயலின் வந்ததே தவிர வாத்தியார் வரவில்லை. ஒருவர் சம்பளம் கேட்டார். இன்னொருவர் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் என்று கேட்டார், அப்புறம் ஆளையே காணோம். கடைசியில் நயா பைசா வந்த வருஷம், சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாசராகவன் மல்லேஸ்வரத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். சம்பளம் வேண்டாம், சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றார். வந்தார். மழையிலும் வந்தார். அறுந்த தந்திகளைத் தன் கைக்காசில் வாங்கிப் போட்டார். ஒரு குழந்தையையும் அதட்டியதில்லை.

அந்தப் பென்சிலைப் பற்றி காந்தா பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துப் பழக்கினால் குழந்தை அந்தக் கையையே நம்பிவிடும், அதனால்தான் சார் பென்சிலால் காட்டுகிறார் என்றாள். வகுப்பு முடிந்ததும் அவர் குழாயடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவுவார். வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் தூள் ஒட்டியிருக்கும் என்று அதற்கும் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். குடிக்கும் தண்ணீரை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாதாக்கும் என்று நினைத்தாள். நல்லவர் ஒருவர் கிடைத்துவிட்டால் அவருக்காக நாமே எத்தனை சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கமிட்டித் தலைவரின் பேத்தி வகுப்பில் சேர்ந்தாள். ரிப்பன் கட்டிய குழந்தை, வில்லைக் கரண்டி மாதிரி பிடித்தது. சீனிவாசராகவன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கட்டைவிரலை மடக்கி வைத்தார், சுண்டுவிரலைத் தூக்கி வைத்தார், பிறகு அந்தக் கையோடு சேர்த்து வில்லை மெதுவாக இழுத்தார். பென்சில் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

காந்தா அந்தப் பென்சிலையே பார்த்தாள். பாஞ்சாலி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள்தான் அவளும். வெள்ளைக்கார துரை வீட்டில் பட்லராக இருந்தவரின் மகள். சனிக்கிழமைதோறும் தான் நீட்டும் வகுப்பறைச் சாவியை இவர் ஏன் மேஜைமேல் வைக்கச் சொல்கிறார் என்பதும் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வகுப்பு முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"சார், பாஞ்சாலி விரலையும் கொஞ்சம் பிடிச்சு வச்சிடுங்களேன்."

அவர் வில்லின் முடியைத் தளர்த்திக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "அவளுக்கு எதுக்கும்மா? தானா வந்துடுத்து. நல்ல ஞானம்."

பொய்யில்லை. அவர் குழாயடிக்குப் போனார். இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார், அப்புறம் யாரும் வரப்போவதில்லை. கேட்காவிட்டால் ஆண்டு விழா மேடையில் குழந்தைகள் அழகாக வாசிக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தாள். திங்கட்கிழமை சாயங்காலம், இந்த வகுப்பே வேண்டாம் என்று முடிவு செய்து, முதலில் பாஞ்சாலியின் அம்மாவிடம் சொல்லிவிடலாமென்று கிளம்பினாள்.

முத்தம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சரம்மா. இங்க பாருங்க கூத்த. ஸ்கூலு உட்டு வந்தா வேற வேல இல்ல, இதே கெலசந்தான் இவளுக்கு."

வாசலில் பாஞ்சாலியின் நாலு வயதுத் தங்கை வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அட்டைப்பெட்டி, கையில் விளக்குமாற்றுக் குச்சி. பாஞ்சாலி ஒரு கை தூரம் தள்ளிக் குந்தியிருந்தாள். பென்சிலின் அடிப்பக்கத்தால் தங்கையின் முழங்கையை உயர்த்தினாள். "பேஷ்" என்றாள். பிறகு எழுந்துபோய், குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்து விரல் விரலாகக் கழுவினாள்.

"அந்த சாரு மாதிரியே பண்றா பாருங்க" என்று முத்தம்மா சிரித்தாள்.

"எதுக்கு கண்ணு கை கழுவுற?" என்று கேட்டாள் காந்தா.

"கத்துக் குடுத்தா கழுவணும் டீச்சர்."

முத்தம்மாவின் சிரிப்பு நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈரமாகவே இருந்த துணியையும் கொடியிலிருந்து உருவினாள்.

காந்தா சொல்ல வந்ததை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து, குச்சியைப் பிடித்திருந்த சின்ன விரல்களை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஐயோ, தொடாதீங்க டீச்சர்!" பாஞ்சாலி ஓடிவந்து குறுக்கே நின்றாள். "ஒண்ணுமே வராதவங்களத்தான் தொட்டுச் சொல்லணும். அந்தப் புதுப் பாப்பாவுக்கு ஒண்ணும் வரல, அதான் சார் கையப் புடிச்சாரு. எங்க யாரயும் தொட்டதே இல்ல, தெரியுமா?" அவள் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது. "இவளுக்கும் நல்லா வரும் டீச்சர்."

காந்தா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. தங்கை அட்டைப்பெட்டியின்மேல் குச்சியை வைத்து, முழங்கையைத் தானே இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, பென்சிலுக்காகக் காத்திருந்தாள்.