தண்டவாளம் ஏன் வளைந்தது

1
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தலையில் கட்டப்பட்டது. துறைமுகத்துக்கு ரயில் வந்து நூறு வருஷமாம். விழா மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னார்கள். எழுதுகிறவன் என்று வெளியே தெரிந்தால் இதுதான் கதி.

முதல் வரி: "அலைகளின் தாலாட்டில் கண்விழித்த எங்கள் ஊர்..." (தாலாட்டில் யார் கண்விழிப்பார்கள்? அடித்துவிட்டேன்.)

2
நிலையத்திலிருந்து நேராகக் கடலுக்குப் போக வேண்டிய தண்டவாளம், நடுவில் ஒரு வளைவு போட்டுவிட்டுத்தான் போகிறது. அங்கே சரக்கு வண்டி நடைவேகத்துக்கு வந்துவிடும். வண்டி மெதுவாகிற இடத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கூடினார்கள். அவர்களை நம்பிக் கடைகள், கடைகளை நம்பி வீடுகள். ஊரே அப்படித்தான் உண்டானது.

மாடியில் நின்ற ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காகவே இன்ஜினீயர் பாதையை வளைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். (ரயில் வருவதற்கு முன் அங்கே மாடி ஏது? கேட்டால் முறைப்பார்கள்.) அதையே எழுதினேன்.

3
என் மாமனார் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலரை வெளியிட்டு, மேடையில் வாசிக்கப் போகிறவரும் அவர்தான். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்பிள்ளை, பொண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. எங்க தாத்தா பாதை போட நிலம் அளந்தப்ப சங்கிலி பிடிச்சவரு. துண்டு காயப்போடக் குச்சி வேணும்னு, அளந்து அடிச்சிருந்த முளையைப் பிடுங்கிட்டாரு. சாயங்காலம் திருப்பி அடிக்கிறப்ப இடம் மறந்துபோச்சு, பாதையும் வளைஞ்சுபோச்சு. வெளில சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

"போயும் போயும் இவர்கிட்டயா சொல்றீங்க அப்பா?" என்றாள் பக்கத்து அறையிலிருந்து என் மனைவி.

4
(தாத்தாவை வில்லனாக்கிப் பார்த்தேன். மேதையாக்கி, "வருங்காலத்தை முன்கூட்டியே உணர்ந்த அவர்..." என்றும் ஆரம்பித்தேன். துண்டு இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.)

சரி, காதலே இருக்கட்டும் என்று அச்சகத்துக்குக் கிளம்பினேன். மாமனார் வாசல்வரை கூடவே வந்தார்.

"அந்த இன்ஜினீயர் கதையில எங்க தாத்தா எங்கயாவது வராரா?"

"இல்ல மாமா."

"ரயில்வே காகிதத்துலயும் இல்ல. வேலையில இருந்தப்பவே தேடிப் பாத்துட்டேன்."

"துண்டு விஷயத்தை எழுதினா சிரிப்பாங்க, இல்ல?"

"சிரிப்பாங்க மாமா."

அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். "சிரிக்கட்டுமா?"

5
அச்சகத்துக்கு வந்து, துண்டு விஷயத்தையும் எழுதிவிட்டேன். காதல் ஒரு தாளில், துண்டு ஒரு தாளில். ஒன்றுக்குத்தான் இடம் என்கிறார் அச்சகக்காரர். எனக்குக் கை வரவில்லை. நீங்களே ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டிவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். இது மாமனாருக்காக, உண்மையைச் சொல்லுங்கள்: துண்டைப் பற்றிப் படித்தபோது, அந்தத் தாத்தாவைப் பார்த்து எப்படிச் சிரித்தீர்கள்?