பொருள்: சாம்பார் வைத்தல் – தொடர்பாக

மகனுக்குச் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்த தகப்பனார், அவன் வளர்ந்து ஓர் அரசாங்க ஆபீசில் சூப்பரின்டென்டென்ட் ஆவான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். அதைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் ஏதோ எதிர்பார்த்திருப்பார். ஆனால் சக்கரவர்த்திக்கு அந்த வருத்தம் கிடையாது. பதினோரு குமாஸ்தாக்களும், தட்டினால் 'ணிங்' என்று கேட்கிற ஒரு மேஜை மணியும் இருந்தால் அது ராஜ்யம் இல்லாமல் வேறென்ன?

அந்த ராஜ்யத்துக்கு இருந்த ஒரே எதிரி எதிர்வீட்டு வேணு.

வேணு பால்காரர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவர் பால் கறப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அது அவர்கள் ஊர் காலண்டரில் ஆகஸ்ட் மாதத்துக்கு அச்சாகி, தபாலில் திருவண்ணாமலைக்கே வந்து சேர்ந்தது. வேணு அதைக் கண்ணாடி போட்டு வாசல் நிலைக்கு மேலே மாட்டிவிட்டார். அன்றிலிருந்து வேணு வீட்டில் வருஷம் முழுக்க ஆகஸ்ட் மாதம்தான். தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது சக்கரவர்த்தியின் கண்ணில் முதலில் படுவது வேணுவின் பல்லும் பசுவின் முதுகும். இருபத்தாறு வருஷம் சர்வீஸ் போட்ட மனிதரை ஒரு காலண்டரும் சீண்டவில்லை. இது அவர் வயிற்றில் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இரண்டாவது தெருவில் அவர் வீடு. மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் அதில் ஹெல்கா என்ற ஜெர்மன்காரப் பெண் தங்கியிருந்தாள். அவள் தன் ஊரில் சமையல் புத்தகம் போடுகிறவள். மூன்று வாரமாக மாடிப்படியில் உட்கார்ந்து, சக்கரவர்த்தியின் மனைவி தனம் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கீழே இறங்கி வந்து, கரண்டியைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, 'எனக்கும் சொல்லிக் கொடு' என்று ஜாடை காட்டினாள். தனமும் தலையை ஆட்டினாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"என்னைக் கேட்காம நீ பாட்டுக்குத் தலையாட்டினா எப்படி?" என்றார் சக்கரவர்த்தி.

"சாம்பார் வெக்கறதுக்கு உங்கள இன்னாத்துக்குங்க கேக்கணும்?"

"எதுவும் முறையா என் வழியாத்தான் வரணும்."

வந்தது. ஹெல்கா அவரிடம் முறையாக ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு செய்தியும் சொன்னாள். காமிராவில் கலர் பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருக்கிறது. அதைத் தன் சமையல் ஆசிரியருக்கு என்று வைத்திருக்கிறாள். புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு வரும்.

முழுப் பக்கம்! வேணுவுக்குக் கிடைத்தது காலண்டரில் மேல் பாதிதான். கீழ்ப்பாதி தேதி.

அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாத சக்கரவர்த்தி அந்த நொடியில் சமையல் ஆசிரியர் ஆனார். சனிக்கிழமை ஆபீஸ் டைப்ரைட்டரில் இரண்டு கார்பன் வைத்து அடித்துக்கொண்டு வந்தார். "பொருள்: சாம்பார் வைத்தல் – தொடர்பாக. பார்வை: தங்களது வாய்மொழி வேண்டுகோள். மேற்படி சாம்பார் வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்க்கையொப்பமிட்டவரால் செய்து காட்டப்படும். நகல்: திருமதி தனம், தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்."

தனம் உரிய நடவடிக்கை எடுத்தாள். பொரித்த அப்பளத்தை அந்த நகலின் மேல் அடுக்கி எண்ணெயை வடியவிட்டாள்.

"வியாழக்கிழம ஆடி அமாவாசைங்க. மாமாவுக்குப் படையல் இருக்குது."

"அதனால என்ன? படையலும் ஆச்சு, பாடமும் ஆச்சு. லீவு ஒண்ணுதான் ஆகும்."

வியாழக்கிழமை காலை தனம் எழுந்து குளித்து, சோறு வடித்து, பருப்பை வேகவைத்து, புளியைக் கரைத்து வைத்துவிட்டாள். பத்து மணிக்குச் சக்கரவர்த்தி சரிகைக் கரை வேட்டியும் துண்டுமாக அடுப்படிக்குள் நுழைந்தார். அந்த வீட்டைக் கட்டி முடித்து ஒன்பது வருஷம். அடுப்படிக்குள் இவ்வளவு தூரம் அவர் வந்தது இதுதான் முதல் தடவை. ஹெல்கா நோட்டும் பென்சிலுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. புளி எங்கிருந்து வந்தது, பருப்பில் உள்ள சத்து, சாம்பாரும் நிர்வாகமும் என்று போய்க்கொண்டே இருந்தது. ஹெல்காவின் பென்சில் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

"கையால் செய்து காட்டுகிறீர்களா?" என்று அவள் மரியாதையாகக் கேட்டாள். "சமைக்கிறவரைத்தான் நான் படம் எடுக்க வேண்டும்."

சக்கரவர்த்தி சட்டென்று கரண்டியை எடுத்தார்.

"நீங்களா?" என்றாள் தனம்.

"ஏன், ரூல்ல இடமில்லையா?"

தனம் வெந்த பருப்பில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, தட்டால் மூடி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்க வேண்டும் என்பது சக்கரவர்த்திக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. அடித்தார். நன்றாகவே அடித்தார். தீக்குச்சியைக் காட்டியதும் நெருப்பு ஒரு ஆள் உயரம் எழுந்து இறங்கியது. புகை அடங்கிப் பார்த்தால் அவருடைய இடது புருவம் பாதிதான் இருந்தது.

"தீ இப்படித்தான் முதலில் தூய்மை அடையும்," என்று ஹெல்காவுக்கு விளக்கினார். அவள் எழுதிக்கொண்டாள்.

பருப்பு கொதித்தது. உப்பு போட்டார். உப்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். பேசி முடித்ததும், இவ்வளவு பேசிய பொருளைப் போடாமல் இருந்தால் எப்படி என்று இன்னொரு கை போட்டார்.

"ஏங்க, உப்பு..." என்றாள் தனம்.

"பாடத்துக்கு நடுவுல குறுக்க பேசாத."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் ஹெல்கா.

"நான் மிக நன்றாகக் கற்பிக்கிறேன் என்கிறாள்."

காயும் புளியும் சேர்ந்து வெந்ததும் பார்த்தால், அவர் டைப் அடித்து வைத்திருந்த செய்முறைக் காகிதத்தில் ஏழாவது இனம் 'உப்பிடுதல்' என்று இருந்தது. சக்கரவர்த்தி எழுத்து மூலமான உத்தரவை மீறுகிறவர் அல்ல. மூன்றாவது கையும் விழுந்தது. தனம் வாசனையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். உப்பு ஜாஸ்தியா கம்மியா என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். சொல்ல வாயைத் திறந்தவள், 'குறுக்க பேசாத' நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.

ஹெல்கா ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு குண்டானிடம் போனாள். சக்கரவர்த்தி அலறிக்கொண்டு நடுவில் பாய்ந்தார்.

"கூடாது! இன்றைக்குக் காக்கை சாப்பிடுவதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது."

"ஏன்?"

"காக்கை என்னுடைய காலஞ்சென்ற தந்தை."

ஹெல்கா அவர் முகத்தைப் பார்த்தாள். தனத்தைப் பார்த்தாள். தனம் ஆமாம் என்று தலையாட்டினாள். ஹெல்கா பயபக்தியுடன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

பகல் பன்னிரண்டரைக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வாழையிலை விரிந்தது. சோறு, மேலே சாம்பார். ஹெல்கா காமிராவோடு தயாரானாள். சக்கரவர்த்தி மலை பின்னால் தெரிகிற மாதிரி, இடது புருவம் தெரியாத மாதிரி, வலது கன்னத்தைக் காட்டி, கரண்டியைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கா... கா..." என்று கூப்பிட்டார். ஆபீஸ் பியூனைக் கூப்பிடுகிற குரல். காக்கைகள் அந்தக் குரலுக்குப் பழகியவை அல்ல.

பத்து நிமிஷம் கழித்து ஒன்று வந்தது. இலையைச் சுற்றி நடந்தது. ஒரு பருக்கையைக் கொத்தியது. நின்றது. அலகைச் சுவரில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தேய்த்துத் துடைத்தது. பிறகு பறந்து போய் நேராக வேணு வீட்டுக் கூரையில் உட்கார்ந்துகொண்டது.

மாட்டுக்கு வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்த வேணு நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், அப்பா நம்ம வூட்டாண்ட வந்துட்டாரு?"

"தண்ணி குடிக்க வந்திருப்பாரு," என்றார் சக்கரவர்த்தி, வலது கன்னத்தைக் காட்டியபடியே.

இரண்டு மணி ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேறு காக்கைகள் வந்தன. முதல் காக்கையிடம் ஏதோ விசாரித்தன. வந்த வழியே போயின. ஹெல்கா சுவரோர நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கள் தந்தைக்கு என்ன கோபம்?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு என்மேல கோவமோ?" என்று சக்கரவர்த்தி தமிழில் முணுமுணுத்தார். அவருக்கு நிஜமாகவே கொஞ்சம் பயம் வந்திருந்தது. போன மாதம் அப்பாவின் சாய்வு நாற்காலியை யாருக்கும் சொல்லாமல் விற்றது ஞாபகம் வந்தது.

"அப்பாவுக்குக் கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றாள் தனம். "மாமா உசுரோட இருந்தப்பவே உப்பு ஜாஸ்தினா தட்டத் தள்ளிட்டு எழுந்து போயிடுவாரு. மூணு வாட்டி போட்டீங்களே, நான் பாத்துக்கினுதானே இருந்தேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"குறுக்க பேசக் கூடாதுனீங்களே."

அவள் கீழே போனாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்த கிண்ணத்தை எடுத்து, பருப்பில் துளி உப்பும் ஒரு கரண்டி நெய்யும் விட்டு, சோற்றில் பிசைந்து கொண்டு வந்தாள். இலையை மாற்றி வைத்துவிட்டு, சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி, "வாங்க மாமா, பசிக்கலியா?" என்றாள்.

வேணு வீட்டுக் கூரையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி நேராக இலையில் வந்து இறங்கியது. தனம் சிரித்துவிட்டாள். ஹெல்கா மண்டி போட்டுக் காமிராவைக் கண்ணில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம்! ஒன் மினிட்!" சக்கரவர்த்தி ஓடி வந்தார். வந்த வேகத்தில் இடப்பக்கம் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். புருவம்! சட்டென்று திரும்பினார்.

'க்ளிக்'.

பிலிம் முடிந்தது.

"படத்தில் நான் விழுந்தேனா?" என்று கேட்டார்.

"அழகான குடும்பப் படம்," என்றாள் ஹெல்கா, கண் கலங்க. பசியாகவும் இருக்கலாம்.

அந்தக் குண்டான் சாம்பார் சாயந்தரம் வேணுவின் பசுவுக்குப் போனது. மாடு குண்டானை உள்ளும் புறமும் நக்கி, பாத்திரத்தின் பளபளப்பை வெளியே கொண்டுவந்தது. "நம்ம லட்சுமிக்கு உங்க கைப்பக்குவம் ரொம்பப் புடிச்சிப்போச்சு சார்," என்றார் வேணு. சக்கரவர்த்தி குண்டானை வாங்கிக்கொண்டு திரும்பினார். முழுப் பக்கம் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

எட்டு மாதம் காத்திருந்தார். அதற்குள் பதினோரு குமாஸ்தாக்களுக்கும், ஆபீஸ் வாசல் டீக்கடைக்கும், அடி அண்ணாமலையில் இருந்த மச்சானுக்கும் விஷயம் தெரிந்துபோனது. வாசல் நிலைக்கு மேலே ஆணியும் அடித்தாகிவிட்டது. வேணுவுடையதைவிட ஒரு ஜாண் உயரத்தில்.

பங்குனியில் பார்சல் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் வேணுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தனத்தைக் காப்பி போடச் சொன்னார். பிறகு பிரித்தார்.

முழுப் பக்கம்தான். பக்கம் நிறைய ஒரு காக்கை, அலகில் நெய்ச்சோறு, இறக்கையில் நீல மினுமினுப்பு. பின்னால் வாய் விட்டுச் சிரிக்கிற தனம். அதற்கும் பின்னால் மலை. இடது ஓரத்தில் மங்கலாக ஒரு முழங்கை.

கீழே ஜெர்மன் எழுத்து. அதற்கு அடியில் ஹெல்கா பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சக்கரவர்த்தி மனசுக்குள் படித்தார்.

"சத்தமா படிங்க சார், நமக்கு இங்கிலீசு தெரியாதே," என்றார் வேணு.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு தமிழில் சொன்னார். "என் சமையல் ஆசிரியை திருமதி தனம், தன் மாமனாருடன்."

"உங்க பேரு எங்க சார்?"

பேர் இருந்தது. அடுத்த பக்கத்தில், பருப்புச் சோறு செய்முறைக்குக் கீழே, பொடி எழுத்தில்: 'உப்பை ஒரே ஒரு முறை போடவும். இந்த எச்சரிக்கைக்காகத் திரு. சக்கரவர்த்திக்கு நன்றி.' இதை அவர் மொழிபெயர்க்கவில்லை. "நன்றினு போட்டிருக்காங்க," என்று மட்டும் சொன்னார்.

வேணு ஓரத்தில் இருந்ததை விரலால் தொட்டார். "இது யார் முழங்கை?"

சக்கரவர்த்தி குனிந்து பார்த்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ் அந்த முழங்கையில் வந்து நின்றது.

"என்னுதுதான்," என்றார்.

ஆணி வீணாகவில்லை. படம் கண்ணாடிக்குள் போய் நிலைக்கு மேலே ஏறியது. வருகிறவர்களுக்கு அவர் குடையின் நுனியால் முழங்கையைத்தான் முதலில் காட்டுவார்.

காப்பித் தம்ளர்களோடு வந்த தனம் அன்றைக்குப் படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"மாமா நல்லா விழுந்திருக்காரு," என்றாள்.