கடைசி நிரலை வெட்டியவர்கள்

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. சென்ற மாதம் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் பாலத்தைப் பற்றிய கூட்டத்தில் ஒருவர், "பராமரிப்பைப் பிறகு பாப்பம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஆம், நானும். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எழுத்தாளர்களின் வீரம் அப்படித்தான்.

முதல் வரி: 'நீலக் கடல் அமைதியாக…' (வேண்டாம். உங்களுக்கு அழகு காட்ட நான் வரவில்லை.)

மறுபடி: '1942இல், திருகோணமலைத் துறைமுக அலுவலகமொன்றில், சோமசேகரம் என்ற படவரைஞர் ஓர் இறங்குதுறைக்கு மூன்று வரைபடங்கள் போட்டார்.' இது இருக்கட்டும்.

2

வெறும் காட்டுமரத் தூண்கள், செப்புத் தகடு போர்த்திய மரத் தூண்கள், கொங்கிறீற்றுத் தூண்கள். கீழே ஓர் அட்டவணை: செலவு, ஆபத்து, பராமரிப்பு. வெறும் மரம் கொங்கிறீற்றின் மூன்றிலொரு செலவில் முடியும். ஆனால் அதற்கு நேரே கடைசி நிரலில், பராமரிப்பின் கீழ், எழுதியிருந்தார்: 'கடற்புழு அரிக்கும். ஆறு மாதத்துக்கொரு சோதனை. இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும்.'

அலுவலகத் தலைவரான வெள்ளைக்காரப் பெரிய துரை அந்த நிரலைச் சிவப்புப் பென்சிலால் வெட்டினார். புழு தின்று முடிக்குமுன் யுத்தம் முடிந்துவிடுமாம். லண்டனுக்கே தெரியாத தேதி துரைக்குத் தெரிந்திருந்தது! மேசையைச் சுற்றியிருந்த நாலு பொறியியலாளரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்தத் துறையில் மூட்டை சுமக்கப் போவதில்லை.

3

(சோமசேகரத்தை நல்லவராக்கிவிடுகிறேனோ? அன்று அவரும் வாய் திறக்கவில்லை. நிரல் இல்லாத அட்டவணையை அழகான கையெழுத்தில் திரும்ப எழுதிக் கொடுத்தார். 'பாவம், பிள்ளைகுட்டிக்காரர், அவரால் வேறு என்ன…' என்று தொடங்கினேன். நிறுத்திவிட்டேன்.)

4

1944 ஆனி. துறை வெறும் மரத்திலேயே எழும்பியிருந்தது; அதன்பின் ஒரு சோதனையும் நடந்திருக்கவில்லை. சுமைகூலிகளின் தலைவர் ஸெய்னுதீன் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஐயா, துறை ஆடுது. நாளைக்கு அரிசி இறக்கணும். என்ட நாப்பது பேரும் அதிலதான் நிக்கப் போறாங்க."

சோமசேகரம் தோணியில் போய்த் தூணொன்றில் பேனாக்கத்தியைக் குத்தினார். பிடிவரை இறங்கியது. உள்ளே முழுக்க ஓட்டை.

துரையிடம் ஓடினார். வெளியே நன்றாகத்தானே இருக்கிறது, தார் பூசுங்கள் என்றார் துரை.

திரும்பி வந்து ஸெய்னுதீனிடம் நெம்புவதற்கு ஓர் இரும்பு அலவாங்கு கேட்டார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"கரைப்பக்கத்துப் பலகையளைக் கழட்டப் போறன். பிறகு ஒருத்தருக்கும் அதில ஏற ஏலாது."

"வேலை போயிரும் ஐயா."

"ஓம், போகும். நீங்கள் தொடாதேங்கோ. உங்களையும் நிப்பாட்டிப்போடுவாங்கள்."

ஸெய்னுதீன் இன்னோர் அலவாங்கை எடுத்தார். பொழுது சாயுமுன் பன்னிரண்டு பலகைகள் கழன்றன.

5

அரிசி வள்ளங்களில் கரை சேர்ந்தது. தாமதம் ஒரே ஒரு நாள். அரச சொத்தைச் சேதப்படுத்தியதாக இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். தூண்கள் சேதப்பட்டதற்கு ஒருவருக்கும் கடிதம் போகவில்லை.

இனி முடிவு. நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

(அ) ஆளில்லாத துறை தானாகச் சரிகிறது, துரை தலைகுனிகிறார்.

(ஆ) துரை பலகைகளைத் திரும்ப அடிப்பிக்கிறார், அடுத்த கப்பல் வருகிறது, நாற்பது பேரும்…

இரண்டையும் எழுத மாட்டேன். சோமசேகரம் செய்தது சரியென்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு நாற்பது பிணங்கள் வேண்டுமானால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தொடங்குமுன் அந்த நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு பெயராவது வையுங்கள்.