ஆர்மண்ட் வீட்டு ரோஸ்ட் பீஃப்

தானசிஸ் தன் கடையிலிருந்து என் அண்ணன் ஆர்மண்டை வெளியே துரத்திய அன்று, வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றது நான்தான். அதனால் அங்கே என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

லின் ஊரில் ரோஸ்ட் பீஃப் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடைதான். எங்களுக்குக் கிரேக்கரான தானசிஸின் கடை. ‘மூணும்’ என்று சொன்னால் போதும், சாஸ், மயோனைஸ், சீஸ் மூன்றையும் போட்டு, காகிதம் போல் சீவிய கறியை வெங்காய பன்னுக்குள் குவித்து, மஞ்சள் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கறி சீவுவது அவர் மனைவி வூலா.

அன்று ஆர்மண்ட் கல்லாவின் முன்னாலேயே காகிதத்தைப் பிரித்தான். பன்னைத் திறந்து, ஒரு கறித் துண்டை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

“இது என்ன தானசிஸ், கறியா, பெல்ட்டா?”

“கொண்டா, வேற போட்டுத் தரேன்.”

“வேற வேண்டாம். காரணம் சொல்லு. உன் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியலையா, இல்ல கை நடுங்குதா? எதுவா இருந்தாலும் வீட்டுல உக்கார வையி.”

வூலாவுக்கு வலது கையில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது கடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கறி சீவும் மெஷினின் சத்தம் நின்றது. தானசிஸ் கையைத் துடைத்துக்கொண்டே கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். என் அண்ணனின் தோள் உயரம்கூட இருக்க மாட்டார்.

“வெளிய போ. இருபது வருஷமா உன் வாயப் பொறுத்துக்கிட்டேன். இனிமே இந்தக் கதவுல கை வெச்சே, கைய ஒடிச்சிருவேன்.”

“உன் கடை இல்லேன்னா நான் பட்டினி கெடப்பேன்னு நெனப்பா?”

“கெட. எனக்கென்ன?”

ஆர்மண்ட் போனான். நான் என்னுடையதை வாங்கிக்கொண்டுதான் காருக்குப் போனேன். அவன் என் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான்.

“நீ வாங்கினியா லூசில்?”

“எனக்குப் பசிக்குது.”

வீடு வரைக்கும் அவன் கார் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டே ஓட்டினான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விமான எஞ்சின் ஆலையில் முப்பத்தோரு வருடம் பரிசோதகனாக இருந்தவன். மற்றவர்கள் செய்த பாகங்களை அளந்து, மயிரிழை பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுவதுதான் அவன் வேலை. குறை சொல்லிச் சம்பளம் வாங்கினவன். ஓய்வு பெற்று இரண்டு வருடம். பரிசோதிக்க மிஞ்சியிருந்தது வீடும் அவன் மனைவி டோரீனும்தான். எங்கள் அப்பா விட்டுப்போன இரண்டு மாடி வீட்டில் நான் கீழே, அவர்கள் மேலே. “பாத்திரத்த இப்படியா அடுக்குவாங்க”, “கதவ இழுக்காத, தள்ளு” என்று அவன் குரல் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். டோரீனின் குரல் கேட்காது. எங்கள் அப்பாவும் அம்மாவிடம் அப்படித்தான். அதனால் அது எனக்கு ஒரு வீட்டுச் சத்தமாகவே பழகிப்போயிருந்தது.

தானசிஸை விடச் சிறப்பாக வீட்டிலேயே செய்து காட்டுகிறேன் என்று ஆர்மண்ட் கிளம்பினான். நவம்பரில், மூடிப்போன ஒரு கடையிலிருந்து கறி சீவும் மெஷின் ஒன்றைத் தூக்கி வந்தான். சின்னக் குழந்தை எடை இருக்கும். அதை வைக்க இடம் வேண்டும். சமையலறை ஜன்னலோரத்து மேஜையில் டோரீனின் தையல் மெஷின் இருந்தது. ஊரில் பாதிப் பேருடைய கால்சட்டையை வெட்டித் தைத்துக் கொடுத்தது அதில்தான். அதை அவன் பின்பக்கத் தாழ்வாரத்தில், கொட்டும் குளிரில் கொண்டுபோய் வைத்தான்.

“அது வெளிய கெடந்தா துரு ஏறிடும்” என்றாள் டோரீன். 

“மேல ஒரு துணியப் போடு.”

அவள் துணியைப் போட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் செய்தது சாம்பல் நிறத்தில் இருந்தது. அடுப்பை முழுச் சூட்டில் வைத்து மாட்டுத் தொடைக்கறியை வறுத்துத் தள்ளியிருந்தான். சீவியதும் தடிமனாக வந்தது. நான் மென்றேன், மென்றேன், தாடை வலித்தது.

“எப்படி இருக்கு?”

“பெல்ட்டு” என்றேன்.

டோரீன் சிரித்துவிட்டாள். அவன் அவள் தட்டை இழுத்துக் குப்பையில் கொட்டினான். “சிரிக்கத் தெரியுது. ஒருநாளாவது உருப்படியா ஒரு கறி வறுத்திருக்கியா?”

ஆனால் விடாப்பிடிக்காரன். வாராவாரம் செய்தான். உப்பு, மிளகு, பூண்டு தேய்த்து, சூட்டைக் குறைத்து, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே வெளியே எடுக்கக் கற்றான். சூடாகச் சீவினால் பிய்ந்துபோகிறது என்று தெரிந்ததும், கறியை ஓர் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தான். மறுநாள் இதழ் இதழாகச் சீவி, கொதிக்கும் எலும்புச் சாற்றில் ஒரு கணம் முக்கி எடுத்தான். சாஸுக்காகத் தக்காளி கெச்சப்பும் வினிகரும் பழுப்புச் சர்க்கரையும் மிளகும் எத்தனை முறை கொதித்தன என்று கணக்கில்லை. திரைச்சீலைகூடப் புளித்து நாறியது. வெங்காய பன் மட்டும் அவன் கைக்கு வரவில்லை. செங்கல்லாக வந்தது. கடைசியில் லின்னுக்கு அடுத்த ஊரான சேலத்துக்குப் போய் ஒரு பேக்கரியில் வாங்கி வந்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் இருவரும் அந்த மேஜையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். டோரீன் ஒரு சொல்தான் சொல்வாள். “உப்பு.” “காய்ஞ்சிருக்கு.” அவன் கத்துவான். அவள் எழுந்து பாத்திரம் கழுவுவாள்.

ஜனவரியில் அவள் காரை வருடாந்தரச் சோதனைக்கு எடுத்துப் போனவன், திரும்பி வந்து கதவை உதைத்துத் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் மாடிப்படி ஏறினேன். அவன் கையில் கசங்கிய மஞ்சள் காகிதம். சாஸ் கறை இன்னும் காயவில்லை.

“கார் சீட்டுக்கு அடியில. ஒண்ணில்ல, நாலு!” என்றான் என்னிடம். பிறகு அவளிடம் திரும்பினான். “என்னை நாய் மாதிரி தொரத்தினான். நீ அதே வாசல்ல போயி வாங்கித் தின்னுட்டு வர்ற. வெக்கமா இல்ல?”

டோரீன் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். “இல்ல” என்றாள்.

“எத்தனை நாளா?”

“அவன் உன்னத் தொரத்தின நாள்லேருந்து. வாரம் ரெண்டு தடவ.”

“சரி. வர்ற ஞாயித்துக்கெழம நீ அங்கேருந்து ஒண்ணு வாங்கிட்டு வா. நான் ஒண்ணு செய்யறேன். லூசில் சொல்லட்டும் எது நல்லாருக்குன்னு. என்னோடது ஜெயிச்சா, அந்தக் கடைப்பக்கம் நீ தலைவெச்சும் படுக்கக் கூடாது.”

“செய்” என்றாள் அவள். அவ்வளவுதான்.

ஞாயிறன்று அவன் சட்டையெல்லாம் மாற்றி, தலை சீவி நின்றான். டோரீன் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். அவன் இரண்டையும் பாதியாக வெட்டித் தட்டில் வைத்தான்.

முதலில் தானசிஸ் கடையினுடையதைத் தின்றேன். எப்போதும் போல் நன்றாக இருந்தது. பிறகு என் அண்ணன் செய்ததைக் கடித்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கறி வெண்ணெயாகக் கரைந்தது. ஓரங்களில் மட்டும் லேசான மொறுமொறுப்பு. பன்னின் அடிப்பக்கம் சாறு ஊறியும் நைந்துபோகவில்லை. சீஸும் சாஸும் மயோனைஸும் ஒன்றை ஒன்று அமுக்காமல் நின்றன.

“உன்னோடதுதான்டா” என்றேன். “சந்தேகமே இல்ல.”

அவன் டோரீனைப் பார்த்தான். அவள் தன் பங்கை அவசரமில்லாமல் தின்று முடித்தாள். விரலில் வழிந்த சாஸைக்கூட நக்கினாள்.

“ஆமா. இதான் நல்லாருக்கு” என்றாள்.

“பாத்தியா!” மேஜையில் ஓங்கி அடித்தான். “பாத்தியா! அப்ப இனிமே அங்க போக மாட்ட.”

“போவேன்.”

“என்னடி பேசற? இப்பதான சொன்ன?”

“கறி நல்லாருக்குன்னு சொன்னேன். நான் அங்க கறிக்கா போறேன்? ஜன்னலோரம் உக்காருவேன். வூலா ஒரு டீ கொண்டாந்து வெப்பா. அவளுக்கும் கை வலி, எனக்கும் கை வலி, அதப் பேசுவோம். டீயில எத்தனை சக்கரை போடறேன்னு யாரும் எண்ண மாட்டாங்க. கப்ப இப்படிப் புடி, காலை இப்படி வையின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நீ அந்தக் கதவத் தாண்டி வர முடியாது ஆர்மண்ட். இந்த ஊர்ல நீ வர முடியாத எடம் அது ஒண்ணுதான். அதுக்குத்தான் போறேன்.”

அவ்வளவு வாக்கியங்களை அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை.

அவன் முகம் வெளுத்தது. பிறகு தட்டுகளை ஒரு கையால் வழித்துத் தரையில் தள்ளினான். “அப்ப அங்கயே போய்க் கெட! அந்தக் கிரேக்கன் வீட்டுலயே படுத்துக்க! முப்பத்திநாலு வருஷம் சோறு போட்டதுக்கு நல்ல மரியாத!”

“சோறு நான்தான் போட்டேன்” என்றாள் டோரீன்.

அவள் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். துணியை விலக்கித் தையல் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அது அசையவில்லை. ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. பழைய காலத்து இரும்பு, பலகையோடு சேர்ந்தது. நான் எழுந்து அங்கே போனேன்.

“லூசில், அதத் தொட்டே…” என்றான் என் அண்ணன்.

அவன் என் ரத்தம். அம்மா சாகும்போது அவன் கையைத்தான் என் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஆனால் எனக்கு அப்போது அம்மாவின் ஞாபகம் வேறு விதமாக வந்தது. அப்பா சூப்பில் உப்பு சரியில்லை என்று கிண்ணத்தைத் தள்ளிவிடும்போது, அவள் துடைப்பதற்குத் துணியைத் தயாராகக் கையில் வைத்திருப்பாள். அந்த வீட்டில் அறுபது வருடம் இருந்தும் நான் ஒரு தடவைகூட நடுவில் போனதில்லை.

நான் மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

“நீயுமாடி?” என்றான்.

“வழிய விடு ஆர்மண்ட். கால்ல விழுந்தா எலும்பு நொறுங்கிரும்.”

பதினாறு படி. டோரீன் முன்னால், நான் பின்னால். அவன் மேலே நின்று, நாங்கள் தப்பாகப் பிடித்திருக்கிறோம் என்று கத்தினான். உண்மையில் தப்பாகத்தான் பிடித்திருந்தோம். என் விரல் ஒன்று சுவரில் உரசித் தோல் கிழிந்தது.

டோரீன் என் பின்னறையில் மார்ச் வரைக்கும் இருந்தாள். மெஷினைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து அவளே ஓட வைத்தாள். பிறகு சேலத்தில் ஒரு சலவைக்கடைக்கு மேலே அறை பிடித்துப் போய்விட்டாள். காரை ஆர்மண்ட் தரவில்லை, தானசிஸ் கடைக்கு வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் வருகிறாள். சில நாள் நானும் எதிரில் உட்காருவேன். அங்கேயும் அவள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வூலா ஏதாவது சொன்னால் சத்தமாகச் சிரிக்கிறாள்.

ஆர்மண்ட் ஆலை நண்பர்களை ஹாக்கி ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டு ரோஸ்ட் பீஃப் போடுகிறான். அவர்கள் மாடிப்படி இறங்கும்போது ஏப்பம் விட்டுக்கொண்டு, இது போல் எங்குமே தின்றதில்லை என்கிறார்கள். டோரீன் எங்கே என்று ஒருவன் கேட்டதற்கு, “தராதரம் தெரியாதவ” என்று சொன்னானாம். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கி வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வாசனை என் சமையலறை வரைக்கும் வரும். நாக்கில் எச்சில் ஊறும், அதை மறைப்பானேன்.

இந்த டிசம்பரில் முதல் பனி விழுந்த காலையில் கதவைத் திறந்தேன். தெருவரைக்கும் போகும் நடைபாதையில் தன் பாதியை மட்டும் அவன் அள்ளியிருந்தான். நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. என் பாதி முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடந்தது. மேல் ஜன்னலில் அவன் காப்பியோடு நின்று, நான் எப்படி அள்ளுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்தேன். என் பாதிப் பனியை கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, அவன் பாதியில் போட ஆரம்பித்தேன்.