ஒட்டியும் வெட்டியும்

முதல் பரிசு என்று இசைப்பிரியாவின் பெயரைச் சொன்னதும் பவித்ராதான் முதலில் கத்தினாள். அடுத்து இரண்டாம் பரிசுக்குத் தன் பெயர் வந்தபோது அவளுக்குக் குரலே எழவில்லை. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள்.

கல்வி மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் கலந்துகொண்ட போட்டிகள் அவை. கணக்கு, வினாடி வினா, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றையும் வழக்கம்போல நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப் பள்ளிகள் அள்ளிக்கொண்டு போயின. 'ஒட்டியும் வெட்டியும்' என்ற பேச்சுப் போட்டியில் மட்டும் மந்தாரக்குப்பம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்று இரண்டு பரிசையும் தட்டிக்கொண்டது. தலைமையாசிரியை பிரபாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை.

இசைப்பிரியாவும் பவித்ராவும் பதினொன்றாம் வகுப்பு. ஒரே பெஞ்ச். ஒரே ஊரும்தான், வடக்குமேடு. ஆனால் பவித்ராவின் வீடு ஊருக்குள். இசைப்பிரியாவின் வீடு காலனியில். பவித்ராவின் அப்பா சுப்பிரமணியனுக்கு முந்திரிக்கொல்லையும் கொஞ்சம் நெல் நிலமும் இருந்தன. அந்தக் கொல்லைக்குக் களையெடுக்கவும் கொட்டை பொறுக்கவும் போகிறவர்களில் ஒருத்தி இசைப்பிரியாவின் அம்மா மாணிக்கம்மாள். அப்பா தனகோட்டி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள்.

போட்டித் தலைப்பு, 'சுரங்கம் விரிவடைவது மக்களுக்கு நன்மையே'. அதை ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்பது அங்கே போய்ச் சீட்டு எடுத்தால்தான் தெரியும். அதனால் இருவரும் இரண்டு பக்கத்துக்கும் தயார் செய்திருந்தார்கள். மதிய இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தார்கள். ஒருத்திக்கு வரி வராவிட்டால் இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள். கடைசியில் இசைப்பிரியாவுக்கு ஒட்டியும் பவித்ராவுக்கு வெட்டியும் சீட்டு வந்தது.

மூன்றாம் நாள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் இசைப்பிரியாவின் படம் வந்தது. படத்துக்குக் கீழே அவள் பேச்சிலிருந்து ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'ஓர் ஊர் இடம்பெயர்ந்தால் ஓராயிரம் ஊருக்கு விளக்கெரியும். அந்த ஓர் ஊர் எங்கள் ஊராகவே இருக்கட்டும்!'

சீட்டு எடுத்துப் பேசிய பேச்சு என்று எங்கேயும் போடவில்லை.

சுரங்கத்துக்கு எடுக்க வடக்குமேட்டை அளக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நிலத்தைக் கொடுப்பதில்லை என்று ஒரு கூட்டத்தில் சத்தியம் செய்வார்கள். கொடுப்பதானால் வீட்டுக்கு ஒரு பெர்மனன்ட் வேலை வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள். சுப்பிரமணியன் இரண்டாவதற்கு ஒத்துக்கொள்ளாதவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு முறை ஊரைக் காலி செய்து மாட்டுவண்டியில் வந்தவர்கள் அவர் வீட்டார். பழைய ஊர் இருந்த இடம் இப்போது சுரங்கம்.

டீக்கடையில் அந்தப் பேப்பரை அவர்தான் சத்தமாகப் படித்தாராம்.

"நிலம் இருக்கறவனுக்குத்தான வலிக்கும்? அப்பன் கான்ட்ராக்ட்ல நிக்கறான், பொண்ணு மேடையில நின்னு ஊர வித்துக்கினு இருக்குது" என்று யாரோ சொன்னார்கள். அது சாயங்காலத்துக்குள் காலனிக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் கலியம்மாள் மாணிக்கம்மாளைக் கூப்பிடாமல் வாசலைத் தாண்டிப் போனாள். மாணிக்கம்மாள் பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டாள்.

"என்னாக்கா, என்ன வுட்டுட்டுப் போற?"

"நான் என்னா பண்ணுவேன்? ஒன்ன மட்டும் வேணாம்னு சொல்லிட்டாங்க. சுப்பிரமணி கொல்லைக்கி மட்டுமில்ல, யாரு கொல்லைக்கும் வேணாமாம்" என்றாள் கலியம்மாள். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

இசைப்பிரியா சீருடையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பி வந்து மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். திட்டுவாள் என்று இசைப்பிரியா காத்திருந்தாள்.

"இன்னும் பஸ்சுக்குப் போவல நீ?" என்று மட்டும் கேட்டாள் மாணிக்கம்மாள்.

பஸ்ஸில் பவித்ரா இடம் போட்டு வைத்திருந்தாள். இசைப்பிரியா உட்கார்ந்தாள். பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியது.

"அம்மாவ வேலைக்கி வேணான்னுட்டாங்க" என்றாள் இசைப்பிரியா.

"தெரியும்."

"அந்த வரி..."

பவித்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேப்பரில் வந்த அந்த வரி பவித்ரா கொடுத்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மதியம், முடிவு சப்பென்று இருக்கிறது என்று இசைப்பிரியா சொன்னபோது, "அந்த ஓர் ஊர் எங்கள் ஊராகவே இருக்கட்டும்னு கைய நெஞ்சுல வெச்சிக்கினு சொல்லுடி, ஜட்ஜுங்க கவுந்துடுவாங்க" என்று பவித்ராதான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்கப்பா ரொம்பக் கோவமா இருக்காரு" என்றாள் பவித்ரா இப்போது. "கொஞ்ச நாள் போவட்டும்."

இசைப்பிரியா சரியென்று தலையாட்டினாள். தன் வாயில் வந்த சொல்லுக்குத் தான்தானே பொறுப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பவித்ரா இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பள்ளிக்கூடம் வரும்வரை எதிர்பார்த்தாள்.

பள்ளிக்கூடத்து கேட்டில் இருவர் படத்தையும் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் இசைப்பிரியாவின் முகத்தில் மட்டும் சாணி அப்பியிருந்தது. வாட்ச்மேன் குழாயில் தண்ணீர் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். சாணி வழிந்து பவித்ராவின் படத்திலும் இறங்கியது. பிரபாவதி டீச்சர் இசைப்பிரியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் மாணவிகள் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"பாராட்டு விழா வர்ற சனிக்கிழமை, டவுன்ஷிப் ஆடிட்டோரியத்துல. எல்லாப் போட்டியிலயும் ஜெயிச்ச பிள்ளைங்க வராங்க. பவித்ரா வரமாட்டாளாம், அவங்கப்பா போன் பண்ணிட்டாரு. ஒன்னோட ஒரே மேடையில அவ நிக்கக் கூடாதாம்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயும் வரலன்னா நம்ம ஸ்கூல் பேரச் சொல்லிக் கூப்பிடும்போது யாருமே இருக்கமாட்டாங்க. ஆனா நான் கட்டாயப்படுத்தல."

"அம்மாவக் கேட்டுச் சொல்றேன் டீச்சர்."

அப்பா தனகோட்டிக்கு விருப்பமில்லை. "எதுக்கு இது நமக்கு? வாய மூடிக்கினு இருந்தா தானா ஆறிப்பூடும்" என்றார்.

"என்னா தப்பு பண்ணுச்சி அது, வாய மூடிக்கினு இருக்க?" என்று மாணிக்கம்மாள் எழுந்தாள். "பேசச் சொன்னாங்க, பேசுச்சி. நல்லா பேசுனன்னு பரிசு குடுக்கறாங்க. கூலிய நிறுத்திட்டா நாம ஒளிஞ்சிக்கணுமா? நானும் வரேன், போலாம்."

விழாவன்று ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் கோட்டு டை போட்ட சீருடையில் அப்பா அம்மாவோடு முன்வரிசைகளில் இருந்தார்கள். மாணிக்கம்மாள் கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைப் புடவையில் கடைசி வரிசையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கணக்கில் முதலாவது, வினாடி வினாவில் முதலாவது என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல், ஒவ்வொரு கைக்கும் ஒரு கேடயம், ஒரு போட்டோ.

இசைப்பிரியாவின் முறை வந்தபோது சிறப்பு விருந்தினராக வந்த கல்வி அதிகாரி எழுந்து மைக்கைப் பிடித்தார். "பேப்பர்ல இந்தப் பொண்ணோட வரியப் படிச்சேன். என்ன ஒரு மனசு! எங்க, அத ஒரு தடவ எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லும்மா."

மைக் அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டது. இசைப்பிரியா கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. வாய் திறந்தது. கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில்லாமல் இத்தனை நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த அம்மா. இசைப்பிரியா கையை இறக்கிக்கொண்டாள்.

"சார், இரண்டாம் பரிசு வாங்கின பவித்ரா இன்னைக்கு வரல. அவ பேசினத நான் பேசட்டுமா?"

அதிகாரி பிரபாவதி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் அசையவில்லை. "பேசு, பேசு" என்றார் அதிகாரி.

அவள் பேசினாள். பழைய ஊரைக் காலி செய்த அன்று கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வண்டி ஏறியவர்களைப் பற்றிப் பேசினாள். நிலத்துக்கு விலை போட்டவர்கள் நிழலுக்கு என்ன விலை போட்டார்கள் என்று கேட்டாள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பலமுறை பவித்ராவுக்கு எடுத்துக் கொடுத்த வரிகள். எங்கேயும் தடுக்கவில்லை. பேசி முடித்துவிட்டு மைக்கிலிருந்து நகர்ந்தாள்.

அதிகாரி சிரித்தார். "ரெண்டு பக்கமும் பேசுது பாருங்க! இது வக்கீலாத்தான் வரும், எழுதி வெச்சுக்குங்க."

அரங்கமே சிரித்தது. பெரிய கைதட்டல். கேடயத்தைக் கையில் கொடுத்து, போட்டோவுக்காக அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்கள். இசைப்பிரியா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். முதல் பேச்சையாவது ஊரில் நம்பிக் கோபப்பட்டார்கள். இதை ஒருவரும் நம்பக்கூட இல்லை.

வடக்குமேடு ஸ்டாப்பில் அம்மாவும் மகளும் இறங்கியபோது சுப்பிரமணியன் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். விழாவில் நடந்தது அவருக்குப் போனில் வந்துவிட்டிருந்தது.

"அன்னிக்கி ஒண்ணு பேசுன. இன்னிக்கி ஒண்ணு பேசியிருக்க. ஒனக்குன்னு ஒரு பேச்சு இருக்கா இல்லியா?"

மாணிக்கம்மாள், "புள்ளைங்க போட்டியில பேசறதுங்க ஐயா" என்று முன்னால் வந்தாள். இசைப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு என்றுமே தெரிந்ததில்லை. அம்மா போல ஐயா என்று சொல்ல வாய் வராது.

"என்னோட பேச்ச யாரும் கேக்கலிங்க" என்றாள். "நிலம் போனா ஒங்களுக்குப் பணம் வரும், வேல வரும். போவலன்னா நிலம் இருக்கும். ரெண்டுலயும் எங்கம்மாவுக்கு என்னான்னு எந்தப் பேச்சுலயும் இல்லிங்க. அத எங்கள எழுதச் சொல்லல."

சுப்பிரமணியன் அவளை முறைத்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை பவித்ரா பஸ்ஸில் வரவில்லை. அவள் அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டார். மதியம் இசைப்பிரியா சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பவித்ரா குழாயடிக்கு வந்து பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அந்த வரி நான் குடுத்ததுன்னு நேத்து அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

இசைப்பிரியா குழாயை மூடினாள். "என்னா சொன்னாங்க?"

"அடிக்கல." பவித்ரா மூக்கை உறிஞ்சினாள். "அப்பறம், வூட்ட தாண்டி இது வெளிய போவக் கூடாதுன்னாரு. ஊருக்குத் தெரிஞ்சா கூட்டத்துல மொகம் காட்ட முடியாதாம்."

"அப்ப எங்கம்மா?"

பவித்ரா மூடிய குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னது யாருக்குடி ஆச்சு? ஒம்மனசு லேசாவறதுக்கா?" இசைப்பிரியாவின் குரல் உயர்ந்தது. குழாயடியில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "எம்மேல சாணி அடிச்சப்ப நீ பாத்துக்கினுதான இருந்த? நானும் சொல்லாம இருந்தேன். ஒனக்காக இருந்தேன். நீயா சொல்லுவன்னு."

பவித்ரா அழுதாள். வேறொரு நாளாக இருந்தால் இசைப்பிரியாவும் சேர்ந்து அழுதிருப்பாள். அன்று தட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அந்த வருடம் முடியும் வரை இருவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் பைகள் இருந்தன.

வீட்டில் இசைப்பிரியா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊருக்குள் போய்ச் சண்டை பிடிப்பாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். மாணிக்கம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு சொன்னதே பெருசு" என்றாள் கடைசியில். "அதுக்கு மேல அதுக்குத் தெம்பில்ல. வுடு."

"நாம ஊருக்குச் சொல்லலாமேம்மா."

"சொன்னா நம்பிடுவாங்களா? அவங்க பொண்ணு மேல பழி போடறான்னு அதுக்கும் நம்மளத்தான் வைவாங்க." முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள். "சொல்லணும்னு ஒனக்குத் தோணுனா சொல்லு. எனக்காவச் சொல்லாத."

இசைப்பிரியா சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பெருந்தன்மையா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. சில நாள் அது தூக்கத்தைக் கெடுத்தது.

மாசி பிறந்து முந்திரி காய்க்கத் தொடங்கியதும் கொல்லைகளுக்கு ஆள் போதவில்லை. ஒரு காலையில் கலியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"மாணிக்கம், சுப்பிரமணி ஒன்ன வரச் சொன்னாரு. மத்தவங்களும் ஒண்ணும் சொல்லல. ஊருல எல்லாம் மறந்துட்டாங்க."

"நான் மறக்கலக்கா" என்றாள் மாணிக்கம்மாள். "பண்ருட்டியில கொட்ட ஒடைக்கற கம்பெனியில ஆள் கேட்டாங்க. இன்னியிலேருந்து அங்கதான்."

"அம்மாந் தொலவு தெனமும் பஸ்சுல போயா? அந்தக் கொட்ட எண்ணெ பட்டா கையி வெந்துபூடும்டி!"

"வெந்தா வேவட்டும்."

தூக்குவாளியை இசைப்பிரியாவிடமிருந்து வாங்கிக்கொண்டு மாணிக்கம்மாள் ரோட்டைப் பார்த்து நடந்தாள். கலியம்மாள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். "ஒங்கம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று இசைப்பிரியாவிடம் கேட்டாள். இசைப்பிரியா துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள்.