முப்பத்தெட்டாவது பெயர்

வேனில் ஏறியதிலிருந்தே ஆய்வாளர் மடியில் இருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் அவர் சம்பந்தி. மகனுக்குப் பெண் கொடுத்த டயர்க்கடைக்காரர். காலை அகட்டி உட்கார்ந்து முக்கால் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, சாவிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?”

முன்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். முப்பத்தொரு வருஷம் ஊர் ஊராகப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து ஓய்வு பெற்றவர் ஆய்வாளர். கடைக்காரன் பேச்சுக்குப் பதில் சொல்வதில்லை என்பது அவர் கொள்கை. இன்று ஒரு நாள் அதைத் தளர்த்தினார்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் நல்லா சிரிச்சுக்குங்க. அப்புறம் உங்க வாய்க்கு வேலை இருக்காது.”

பெட்டிக்குள் இருந்தது ஒரு சாண் நீள இரும்புச் சாவி. ஆய்வாளர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சிவப்புத் துணிமேல் அறுபது வருஷம் இருந்தது. யுத்த காலத்தில் அவர் தகப்பனார் ஒரு நூல் ஆலையில் காவலர். விமானம் வரும் சங்கு ஊதினால் ஆட்களை நிலவறைக்குள் இறக்கிப் பூட்டுவது அவர் பொறுப்பு. “குண்டு விழுந்தபோதும் சாவியை நான் கைவிடல” என்று அவர் சொன்னதைத்தான் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஆய்வாளர் சொல்வார். தெருவில் அந்த வீட்டுக்குப் பெயரே சாவிக்காரர் வீடு. உள்ளறைக் கதவு ஒன்றுக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது. தகப்பனார் வைக்க விட்டதில்லை. சாவு பயமில்லாத மனிதருக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று அதையும் பெருமையாகவே சொல்லி வந்தார்கள்.

சம்பந்தி ஒருவர்தான் நம்பவில்லை. “பழைய இரும்புக் கடையில கிலோக் கணக்குல கிடைக்குமே” என்று பெண் கொடுத்த அன்றே சொன்னவர். பன்னிரண்டு வருஷமாக அதே பாட்டு. அந்த ஆலையைச் சுத்தம் செய்து நினைவிடமாகத் திறந்திருக்கிறார்கள், ஓய்வுபெற்றோர் சங்கம் ஒரு நாள் சுற்றுலா போகிறது என்று தெரிந்ததும், ஆய்வாளர் தானே பணம் கட்டிச் சம்பந்திக்கும் ஓர் இடம் பிடித்தார். சாவியை நினைவிடத்துக்குக் கொடுக்க வேண்டும். தகப்பனார் பெயரை அங்கே எழுத வைக்க வேண்டும். அதைச் சம்பந்தி நின்று பார்க்க வேண்டும்.

முதலில் ஓர் இடிந்த கோட்டையில் இறக்கினார்கள். “சுண்ணாம்பு அடிச்சா மாசம் நல்ல வாடகை வரும்” என்றார் சம்பந்தி. அடுத்து பீரங்கி மேடு. அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார். ஆய்வாளர் இரண்டு இடத்திலும் வேனை விட்டு இறங்கவில்லை.

ஆலைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கூரை இல்லை. கரி படிந்த நான்கு சுவரும், நடுவில் கீழே இறங்கும் படிகளும். வழிகாட்டிப் பெண் கையில் டார்ச்சோடு முன்னால் போனாள். படியின் அடியில் ஒரு கனத்த இரும்புக் கதவு. அதன் நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. விளிம்பெல்லாம் சம்மட்டி பட்டு உள்பக்கமாக மடங்கியிருந்தது.

“குண்டுவீச்சு அதிர்ச்சியில கதவு திறந்துக்கக் கூடாதுன்னு வெளியில இருந்து பூட்டுவாங்க” என்றாள். “பூட்டினதும் காவலர் சாவியை இந்தக் கொக்கியில மாட்டணும். அவருக்கு ஏதாவது ஆனாலும் வேற யாராவது வந்து திறக்கலாம் இல்லையா. அந்த விதிக்காகத்தான் கொக்கி.”

டார்ச் வெளிச்சம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த கொக்கியில் நின்றது.

“அன்னைக்கு நிலவறைமேல குண்டு விழல. பக்கத்துப் பஞ்சுக் கிடங்குல விழுந்துச்சு. காத்து வர்ற துவாரம் வழியா புகை இறங்கிடுச்சு. பத்தே நிமிஷத்துல ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. கொக்கியில சாவி இல்ல. கதவை உடைக்க அரை நாள் ஆச்சு. உள்ள முப்பத்தேழு பேர்.”

ஆய்வாளருக்குப் பெட்டியின் விளிம்பு விலாவில் குத்தியது. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. ‘அத்தனை பேரையும் உள்ள வச்சுப் பத்திரமா பூட்டினேன்’ என்பார் தகப்பனார். அதற்கப்புறம் நடந்ததை ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஊர்ப் பக்கம் யாரையும் போகவும் விட்டதில்லை.

“அந்தக் காவலர்?” என்று கேட்டார் சம்பந்தி. குரலில் சிரிப்பு ஏறியிருந்தது.

“சாவியோட வெளியில எங்கயோ குண்டுல செத்திருக்கணும். உடல் கிடைக்கல. ஆலைப் பதிவேடும் எரிஞ்சுபோச்சு, தேடி யாரும் வரல, அதனால பேர் தெரியல. அவரையும் தியாகியாத்தான் சேர்த்திருக்கோம், பாருங்க.”

சுவரில் கருங்கல் பலகை. முப்பத்தேழு பெயர்கள். கடைசியில் முப்பத்தெட்டாவதாக, ‘பெயர் அறியாக் காவலர்’.

சம்பந்தி முழங்கையால் இடித்தார். “ஏன் சம்பந்தி, என்னமோ குடுக்கணும்னு வந்தீங்களே? கூச்சமா இருக்கா?”

ஆய்வாளர் பெட்டியைத் திறந்தார். சாவியை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். அதன் வளையம் கொக்கியில் சரியாக உட்கார்ந்தது. கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

“ஐயா... இது எங்க கிடைச்சுது?” அந்தப் பெண் டார்ச்சைச் சாவிமேல் திருப்பினாள்.

“அந்தக் காவலர் என் தகப்பனார். அவர் அன்னைக்குச் சாகல. எண்பத்தொரு வயசு வரைக்கும் இருந்தார். சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு.”

அலுவலக அறையில் அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். பொருள், கொடுப்பவர் பெயர், பொருள் கிடைத்த விதம். பேனாவை மூடித் திறந்தபடி மெதுவாகச் சொன்னாள்:

“கடைசிக் கட்டத்துல ‘கண்டெடுக்கப்பட்டது’ன்னு எழுதிடலாம் ஐயா. பழைய பொருள் பாதிக்கு மேல அப்படித்தான் வருது. கல்வெட்டையும் தொட வேண்டாம்.”

வாசலில் நின்ற சம்பந்தி வேகமாக உள்ளே வந்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “அதையே எழுதுங்கம்மா. அவருக்கு வயசாச்சு, ஏதோ உளறிட்டார்.”

ஆய்வாளர் பேனாவை வாங்கினார். எடைக்கல்லில் முத்திரை குத்திய கை, எழுத்து ஆடவில்லை. ‘என் தகப்பனார் விதியை மீறி எடுத்துச் சென்றது.’ அதன் கீழே தகப்பனாரின் முழுப் பெயர். அதன் கீழே தன் கையெழுத்து.

“கல்லுல முப்பத்தெட்டை அழிச்சிடுங்கம்மா. அந்த முப்பத்தேழு பேரோட நிக்கிற யோக்கியதை அவருக்கு இல்ல. கொக்கிக்குக் கீழ எழுதுங்க. பேரை முழுசா எழுதுங்க.”

திரும்பும் வழியில் பத்து கிலோமீட்டர் வரை பொறுத்தார் சம்பந்தி. பிறகு வெடித்தார்.

“மனுஷனா நீங்க? உங்க அப்பன் செத்துச் சாம்பலாகி எத்தனை வருஷமாச்சு! அந்தப் பொண்ணு வாய்ப்பு குடுத்தாளே! என் பேத்திக்கு நாளைக்கு நாலு பேர் என்ன பட்டம் கட்டுவாங்க?”

“உண்மையைத்தான் சொல்லுவாங்க.”

“அறுபது வருஷம் கூடத்துல மாட்டி வச்சு ஊருக்கே காட்டினீங்களே, அது?”

“தெரியாம காட்டினது. இனிமே காட்டினா அது கள்ள எடை.”

“வீட்டு மானம் கப்பலேறிப் போச்சு!”

“என் வீட்டு மானம். நான்தான் ஏத்தினேன். பன்னிரண்டு வருஷம் அதைக் காயலான் கடை இரும்புன்னு சொன்னவர் இன்னிக்கு எதுக்குத் துடிக்கிறீங்க? இடிச்சு இடிச்சு எடுக்க வச்சது யார் முழங்கை?”

சம்பந்தி முழங்கையை இழுத்துக்கொண்டார்.

காலிப் பெட்டி இன்னும் ஆய்வாளர் மடியிலேயே இருந்தது. கூடத்துச் சட்டத்தை இன்றே கழற்ற வேண்டும். சுவரில் சதுரமாக வெளுத்த தடம் தெரியும். தெரியட்டும். மகன் கேட்டால், மருமகள் கேட்டால், பேத்தி கேட்டால், அங்கே நின்றே சொல்ல வேண்டும். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க,” என்றார். “நானும் டிக்கெட் எடுத்திருக்கேன்.”

டயர்க்கடைக்காரர் காலை ஒதுக்கிக்கொண்டார்.