பிரபாகர் பெயரில் வந்த சாப்பாடு

எங்கள் கம்பெனி கேட்டின் உள்பக்கச் சுவரில் இரண்டு நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கின்றன. செல்போனை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்கிறது ஒன்று. கேண்டீன் மூடப்பட்டுவிட்டது, சாப்பாடு வேண்டியவர்கள் செல்போனில் ஆர்டர் செய்துகொள்ளலாம் என்கிறது இன்னொன்று. இரண்டிலும் ஒரே மேனேஜரின் கையெழுத்து. அந்த மனுஷனுக்குச் சாப்பாடு வீட்டிலிருந்து காரில் வருகிறது.

செக்யூரிட்டி நான்தான். பெயர் வெள்ளையன். முப்பது வருஷம் நிட்டிங் மெஷின் ஓட்டி முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு, அருள்புரத்தில் இந்தப் பனியன் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து நானூறு செல்போன்களுக்கு நான் காவல். பெட்டிக்குள் அவை கத்திக்கொண்டே கிடக்கும். எடுத்துப் பேச எனக்கு உத்தரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணி டீ நேரத்தில் சித்ரகலா கேட்டுக்கு வந்தாள். நாலாவது லைனில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற பெண். ஏழாவது மாதம். டீ நேரத்தில் பத்து நிமிஷம் மட்டும் போனைக் கொடுக்கலாம் என்பதால் அவளுடையதை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு ஆப்பைத் திறந்து அழுத்தினாள், அழுத்தினாள், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருக்கிற இடத்தைக் கம்பெனியின் பின்பக்கச் சாக்கடை என்று காட்டியது. எட்டு நிமிஷம் அதிலேயே போய்விட்டது. கடைசியில் புருஷனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏனுங்ணா, ஊட்டுல கேஸ் தீந்துபோச்சுங்க. சோறு கொண்டாரலை. அவரே அவரு போன்ல ஆர்டர் போட்டுடறேன்னுட்டாருங்க. ஒரு மணிக்குள்ள வந்துருமாமா."

"வந்தாச் சொல்றேன் அம்மணி."

"மறந்துறாதீங்ணா. மத்தியானம் ஊசி போட்டுட்டு ஒடனே சாப்டோணுங்க. சாப்புடாம இருந்தா மயக்கம் வந்துரும், கொழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

கர்ப்பத்தில் வந்த சர்க்கரை. ஊசி மருந்தைச் சின்னப் பையில் ஐஸ் வைத்துக் கொண்டுவருவாள். எனக்கு அது தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு ஆள் பைக்கில் பொட்டலத்தோடு வந்தார். நாற்பது வயது இருக்கும், தெற்கத்திப் பேச்சு. சாக்கடைப் பக்கம் கேட்டைத் தேடி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். சட்டை பூராவும் வியர்வை.

"அண்ணாச்சி, பிரபாகர்னு ஒருத்தர் இருக்காரா?"

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். பிரபாகர் என்று யாரும் இல்லை. சொன்னேன். அந்த ஆள் ஆர்டர் போட்டவரின் நம்பருக்கு மூன்று தடவை போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது.

"நாலு நம்பர் ஒண்ணு அவங்க போன்ல வந்திருக்கும். அதைச் சொன்னாத்தான் நான் குடுக்க முடியும்" என்றார்.

பொட்டலத்தில் குத்தியிருந்த பில்லைப் பார்த்தேன். மேலே இங்கிலீஷ் எழுத்து. அதற்குக் கீழே ஒரு வரி முழுக்க வெறும் கேள்விக்குறிகள். இது என்ன என்று கேட்டேன். தமிழில் எதையாவது அடித்தால் கடைக்காரன் மெஷினில் இப்படித்தான் விழும், எதற்கும் உதவாது என்றார்.

அவர் போனில் ஐந்து நிமிஷம் பின்னோக்கி ஓடி முடிந்தது. ஆர்டர் ரத்து.

"தூக்கிப் போடச் சொல்லுது. சோத்த எப்பிடிப் போட மனசு வரும்? நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி. எனக்கு அடுத்த ஆர்டர் ஓடுது."

பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். காலையிலிருந்து என் வயிற்றில் ஒரு பன்னும் இரண்டு டீயும்தான். கேண்டீன் இருந்தவரை பதினோரு மணிக்கே எனக்கு ஒரு தட்டு வந்துவிடும். அறைக்குள் திரும்பி உட்கார்ந்து பிரித்தேன். மூன்று சப்பாத்தி, கீரைக் கூட்டு, அவித்த முட்டை இரண்டு, தயிர். என்னடா இது, நோயாளிக்குக் கொடுக்கிற சாப்பாடு என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தின்றேன். முணுமுணுக்கத் தெரிந்த வாய்க்கு யோசிக்கத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு பெல் அடித்தது. ஐந்து நிமிஷத்தில் சித்ரகலா வந்தாள்.

"சாப்பாடு வந்துருச்சுங்களா? நா ஊசி போட்டுட்டு வந்துட்டேனுங்க."

"இன்னும் வரலை அம்மணி."

"எம்பேர்ல இருக்காதுங்ணா. அவரு பேர்ல இருக்கும். பிரபாகர்னு."

என் கையில் கீரை வாசம் அடித்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நான்தான் தின்றுவிட்டேன் அம்மணி, எதிர் பேக்கரிக்கு ஓடு என்று ஒரு வார்த்தை. இரண்டு பன், ஒரு டம்ளர் பால், வேலை முடிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருத்தர் சோற்றைத் தின்றவன் என்று நிற்க வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

"வரும் கண்ணு. ரோட்டுல வண்டி நெரிசலா இருக்கும்" என்றேன்.

அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வராத சாப்பாட்டை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே மற்ற பெண்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கை நீட்டிக் கேட்கக் கூச்சப்படுகிறவள் அவள். நானே பேக்கரிக்குப் போய் வாங்கி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். அதற்குள் துணி லோடு லாரி வந்து கேட்டை மறித்தது. சீட்டைப் பார்த்து, ரோல்களை எண்ணி, கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது ஒன்றரை பெல் அடித்தது. அன்றைக்குச் சரக்கு எடுக்கிற வெளிநாட்டு பையர் வருகிறான், எல்லாரும் லைனுக்குப் போங்கள் என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தான்.

"வந்தா உள்ள குடுத்துவிடுங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

இரண்டு மணிக்கு அவளை நாலு பேர் தூக்கி வந்தார்கள். மயங்கி விழும்போது மெஷின் மேசையின் விளிம்பில் வயிறு மோதியதாம். சேலையில் ரத்தம். மேனேஜரின் கார் அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவந்த சூட்டோடு நின்றிருந்தது, அதில்தான் ஏற்றினார்கள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். என் வேலை அது.

அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை என்றார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து பிரபாகர் வந்தார், பெட்டியில் கிடந்த அவளுடைய போனை வாங்கிக்கொண்டு போக. சார்ஜ் செத்துக் கிடந்தது அது. முதலிபாளையத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலையாம். அங்கேயும் போனை வாசலில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள், டீ நேரத்தில் மட்டும்தான் கையில் கிடைக்குமாம். டெலிவரிக்காரர் அடித்த மூன்று போனும் அந்த வாசல் பெட்டிக்குள்தான் அடித்திருக்கிறது. ஆர்டரோடு தான் எழுதியதைத் தன் போனில் எனக்குக் காட்டினார். கேள்விக்குறிகள் இல்லாமல், நல்ல தமிழில் இருந்தது.

'என் மனைவி சித்ரகலாவுக்கு. நாலாவது லைன். வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.'

"சித்ரா சொன்னாளுங்ணா. அன்னிக்கு நீங்களும் அவகூடவே நின்னு ரோட்டப் பாத்துட்டு இருந்தீங்களாமா. அந்த மனசு ஆருக்குங்க வரும்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த எழவெடுத்த ஆப்பாலதாங்ணா எல்லாம் போச்சு."

"ஆமாங்க" என்றேன்.